சவுக்கு, மிலாறு, டர்பன்டைன்: ஒரு லயத்து அடுப்படியின் புகைக் கணக்கு

தோட்டப் பாடசாலையில் தரம் எட்டுக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் எனக்கு, மழைக்காலத்தில் ஒரு பிள்ளை கொப்பியைக் காட்ட மேசையருகே வந்து நின்றால், அன்று காலை அந்த வீட்டில் என்ன விறகு எரிந்தது என்பதை அநேகமாகச் சொல்லிவிட முடியும். டர்பன்டைன் மரத்துப் புகை சீருடையில் மருந்துத் தைலம்போல் நிற்கும். பைன் புகை, புதிதாகத் தார் ஊற்றிய வீதியை நினைவூட்டும். ஈரச் சவுக்கின் புகையில் ஒரு புளித்த வாடை இருக்கும். இதை ஒரு திறமையாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். ஹட்டனுக்குப் போகும் பஸ்ஸில் ஒரு நாள், என் பக்கத்தில் வந்தமர்ந்த பெண் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டபோதுதான், என் சேலையிலும் அதே வாடை இருப்பதும், அதை உணரும் மூக்கு எனக்கு எப்போதோ மரத்துப்போனதும் தெரிந்தது.

எங்கள் வீடு இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் இடையிலுள்ள ஒரு பழைய லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், இருக்கிறது. முன்பக்கம் ஒரு காம்பரா (அறை), பின்பக்கம் இஸ்தோப்பை (தாழ்வாரத்தை) அடைத்து எடுத்த அடுப்படி, மேலே தகரக் கூரை. காம்பராக்களுக்கு இடையிலான சுவர் கூரைவரை எழும்பவில்லை. தலைக்கு மேலே மூன்று அடி இடைவெளி விட்டு நின்றுவிடுகிறது. ஆகையால் ஒரு வீட்டின் புகை அந்த வீட்டோடு நிற்பதில்லை. 2022இல் சமையல் எரிவாயு கிடைக்காமற்போய், பிறகு கிடைத்தபோது 12.5 கிலோ சிலிண்டரின் விலை ஐயாயிரம் ரூபாயை நெருங்கியதும், அதுவரை அரைநேரமாக எரிந்த எங்கள் மூன்று கல் அடுப்பு முழுநேர அடுப்பாயிற்று. எரிவாயு விலை பின்னர் இறங்கியபோதும் நாங்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற என் அம்மாவின் காலை இருமல், அந்த இரண்டு ஆண்டுகளில் பகல் பத்து மணிவரை நீண்டது.

புகை ஏன் இவ்வளவு வருகிறது என்று கேட்டால் லயத்தில் ஆளுக்கொரு மரத்தின் மேல் பழி சொன்னார்கள். சவுக்கு என்றாலே புகைதான் என்பது அம்மாவின் கட்சி. பக்கத்துக் காம்பரா மாமி டர்பன்டைனைத் தொடவே மாட்டார். அது நெஞ்சை அடைக்கும் என்பார். கடைசிக் காம்பராவில் இருப்பவர்கள் பைனைக் குறை சொன்னார்கள், ஆனால் மலையுச்சியிலிருந்து அதைத்தான் சுமந்து வந்தார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே விறகு மிலாறு, அதாவது கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி. இந்தப் பழிகளில் எது உண்மை என்பதைக் கண்டறிய வேண்டும் என்றும், கண்டறிந்ததும் அடுப்படியைத் திருத்த வேண்டும் என்றும் கடந்த ஆண்டு ஜனவரியில் தொடங்கிய வேலையின் பதிவுதான் இது.

முதலில் விறகுகளைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பெயர்கள் ஊருக்கு ஊர் மாறுகின்றன. நாங்கள் சவுக்கு என்று சொல்வது தேயிலைக்கு நிழலாகவும் காற்றுத் தடுப்பாகவும் வளர்க்கப்படும் கிரெவிலியா மரத்தை. தமிழ்நாட்டுக் கடற்கரைச் சவுக்கு வேறு. டர்பன்டைன் என்பது யூகலிப்டஸ். இரண்டும் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. பைன் மரங்கள் 1970களுக்குப் பிறகு மொட்டை மலைகளில் அதிகமாக நடப்பட்டவை. அல்பீசியா வேகமாக வளரும் மிருதுவான மரம். முள்முருக்கை நான் சோதனையில் சேர்க்கவில்லை. தண்ணீர் குடித்த பஞ்சைப்போன்ற அந்தக் கட்டையை எங்கள் லயத்தில் யாரும் விறகாகக் கணக்கெடுப்பதில்லை.

சோதனைக்கு நான் வைத்திருந்தவை ஐந்து கிலோ வரை காட்டும் சமையலறைத் தராசு, ஒரு கைக்கடிகாரம், இரண்டு லீற்றர் கேத்தல், அப்பாவின் பழைய வேட்டியிலிருந்து உள்ளங்கை அளவில் வெட்டிய வெள்ளைத் துணித் துண்டுகள், மூடி இறுகிய பிஸ்கட் டின்கள் ஆறு. ஒவ்வொரு மரத்திலும் வந்தபடியே இருந்த கட்டையில் ஒரு வட்டத் துண்டை அறுத்து நிறுத்து, அடுப்புக்கு மேலே தகரத்தில் வைத்து, எடை இனி இறங்கவில்லை என்று ஆகும்வரை ஒவ்வொரு நாளும் நிறுத்தேன். இழந்த எடையை முதல் எடையால் வகுத்தால் விறகில் எத்தனை பங்கு தண்ணீர் என்பது தெரியும். இதற்கென்று முள் குத்திப் பார்க்கும் கருவிகள் விற்கிறார்கள்; பொறுமை இருந்தால் தராசே போதும்.

அந்தக் கணக்கு என்னைத் திகைக்க வைத்தது. முந்தைய வாரம் காற்றில் விழுந்து வெட்டிய சவுக்கில் ஒரு கிலோவுக்கு 480 கிராம் தண்ணீர். டர்பன்டைனில் 450, பைனில் 500, அல்பீசியாவில் 550. கவ்வாத்து முடிந்து ஆறு வாரம் மலையிலேயே வெயிலில் கிடந்த மிலாற்றில் மட்டும் 220. நாங்கள் ஆண்டாண்டு காலமாக மிலாற்றின் குணம் என்று நினைத்ததில் பாதி, அது மெல்லிய குச்சியாக இருப்பதாலும், ஜனவரி வெயிலில் கிடந்த பிறகே வீட்டுக்கு வருவதாலும் கிடைத்த உலர்வு என்பது அப்போதே விளங்கத் தொடங்கியது. மீதிப் பாதி உண்மையாகவே அதனுடையது. தேயிலைக் கட்டை கடினமானது, தணல் நன்றாக நிற்கும்.

அடுத்து, எல்லா விறகையும் பெருவிரல் தடிப்பில் பிளந்து, ஒவ்வொன்றிலும் ஈரமான கட்டு ஒன்றும் உலர்த்திய கட்டு ஒன்றும் வைத்துக்கொண்டு, அதே மூன்று கல் அடுப்பில் அதே கேத்தலில் இரண்டு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். எங்கள் லயம் ஏறத்தாழ 1,300 மீற்றர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 96 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். கடற்கரையில் இதைச் செய்பவருக்கு நேரம் சற்றுக் கூடலாம். ஒவ்வொரு முறையும் அடுப்பிலிருந்து ஐந்தடி தள்ளி, அம்மாவின் முகம் இருக்கும் உயரத்தில் ஒரு துணித் துண்டைத் தொங்கவிட்டு, முடிந்ததும் டின்னில் போட்டு மூடி, அடியில் எண் ஒட்டினேன். மறுநாள் என்ன விறகு என்று தெரியாத தம்பியிடம் டின்னைத் திறந்து முகரச் சொன்னேன். பதினொரு முறை கொதிக்க வைக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அவ்வளவு வெந்நீரையும் வீணாக்க மனமில்லாமல் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் அம்மா குளிப்பாட்டிவிட்டார்.

ஈரச் சவுக்கு கொதிக்க 31 நிமிடம் எடுத்தது, 1,300 கிராம் விறகைத் தின்றது. நான் ஊதாங்குழலை வாயிலிருந்து எடுத்த நேரம் குறைவு. அதே மரத்தின் உலர்ந்த கட்டு 14 நிமிடத்தில், 560 கிராமில் முடித்தது. உலர்ந்த டர்பன்டைன் 13 நிமிடம். உலர்ந்த மிலாறு 12 நிமிடம், 480 கிராம். சவுக்குக்கும் மிலாற்றுக்கும் இடையில் உலர்ந்த நிலையில் இருந்த வேறுபாடு இரண்டே நிமிடம். சவுக்குக்கும் சவுக்குக்கும் இடையில் பதினேழு நிமிடம். இதை அம்மாவிடம் காட்டியபோது, "அப்ப இத்தன வருசமா மரத்தையா ஏசினேன், தண்ணியையா ஏசினேன்?" என்றார்.

துணித் துண்டுகள் இதையே வேறு விதமாகச் சொன்னன. ஈரச் சவுக்கின் துணி வெளிறிய மஞ்சளாகிப் பிசுபிசுத்தது. உலர்ந்த சவுக்கின் துணியைப் பக்கத்தில் புதுத் துணியை வைத்துத்தான் நிறம் மாறியதை உணர முடிந்தது. பைன் மட்டும் இந்த ஒழுங்குக்குள் அடங்கவில்லை. உலர்ந்த பைன் எல்லாவற்றையும்விட வேகமாக, 11 நிமிடத்தில் கொதிக்க வைத்தது. ஆனால் அதன் துணி மையைத் தொட்டதுபோல் கறுத்தது, கேத்தலின் அடியில் விரலால் எழுதக்கூடிய அளவுக்குக் கரி படிந்தது. அல்பீசியா சுத்தமாகவே எரிந்தது, ஆனால் குச்சியைத் தள்ளித் தள்ளிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்பை விட்டு எழுந்து மாவு பிசையப் போனால் அணைந்துவிடும்.

இந்த வேறுபாடுகளின் காரணம் விறகு எரியும் விதத்தில் இருக்கிறது. கட்டை சூடாகும்போது முதலில் தண்ணீர் ஆவியாகிறது. ஏறத்தாழ 200 பாகைக்கு மேல் கட்டையே சிதைந்து வாயுவாகவும் தார்த் துளிகளாகவும் வெளியேறத் தொடங்குகிறது. உலர்ந்த விறகின் எடையில் எழுபது முதல் எண்பது சதவீதம் இப்படித்தான் போகிறது, மிச்சம்தான் கரி. நாம் சுவாலை என்று காண்பது அந்த வாயு எரிவதை. அது நன்றாகப் பற்றி எரிய 600 பாகை அளவிலான வெப்பமும் போதிய காற்றும் வேண்டும். அவற்றில் ஒன்று குறைந்தால் அதே வாயு எரியாமல் குளிர்ந்து வெள்ளைப் புகையாக வெளியேறும். எனவே புகை என்பது அடுப்பில் எரியாமல் தப்பிய விறகு; நாம் சுமந்து வந்து, பிளந்து, எரிக்காமல் கூரைக்கு அனுப்பிய எரிபொருள்.

ஈரம் வெப்பத்தைத் தின்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அந்த இழப்பு நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிதல்ல. அரைக் கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 1.3 மெகாஜூல் போகும்; அதனோடு இருக்கும் அரைக் கிலோ உலர்ந்த மரம் 9 மெகாஜூல் வரை தரக்கூடியது. ஏழில் ஒரு பங்குதான் இழப்பு. ஆனால் எனக்கு இருமடங்குக்கு மேல் நேரம் எடுத்தது. காரணம், அந்த ஆவி சுவாலையைத் தொடர்ந்து குளிர்வித்து, வாயுவைப் பற்றவிடாமல் செய்கிறது என்பதே. பைனில் நடப்பது இதற்கு நேர்மாறானது: பிசின் நிறைந்த கட்டையிலிருந்து வாயு மிக வேகமாகக் கிளம்ப, அத்தனைக்கும் காற்று போதாமல் சுவாலையின் உள்ளேயே கரித்துகள் உருவாகிக் கறுப்புப் புகையாகிறது. வெள்ளைப் புகை வந்தால் விறகைப் பார்க்க வேண்டும், கறுப்புப் புகை வந்தால் காற்றைப் பார்க்க வேண்டும் என்று கரும்பலகையிலும் எழுதிப்போட்டேன்.

வாடையைப் பற்றித் தம்பியின் மூக்கு தந்த முடிவு சுவையானது. ஈர விறகுகள் ஐந்தையும் அவன் தனித்தனியாக அடையாளம் கண்டான். உலர்ந்தவற்றில் பைனை மட்டும் சரியாகச் சொன்னான். சவுக்கையும் மிலாற்றையும் மாற்றிச் சொன்னான். டர்பன்டைனுக்கு இரண்டு முறை இரண்டு பதில். புகையின் பொதுவான வாடை எல்லா மரத்திலும் உள்ள லிக்னின் சிதைவதால் வரும் குவாயகோல் வகைச் சேர்மங்களுடையது. டர்பன்டைனின் தைல வாடைக்குக் காரணமான எண்ணெய் பெரும்பாலும் இலையில்தான் இருக்கிறது, தண்டின் உள்மரத்தில் அல்ல. ஆகவே பட்டையையும் கொப்பையும் இலையையும் நீக்கிய டர்பன்டைனை மட்டும் எரித்து இன்னொரு டின் தயாரித்தேன். அதைத் தம்பி மிலாறு என்றான். மாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்; அவரும் மிலாறு என்றார், உண்மையைச் சொன்ன பிறகு நம்ப மறுத்தார்.

மூக்குக்குத் தெரியாத பகுதிதான் ஆபத்து. புகையில் உள்ள துகள்களில் 2.5 மைக்குரோமீற்றருக்குக் குறைந்தவை நுரையீரலின் அடிவரை போகின்றன. உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் திருத்திய வழிகாட்டியில், ஒரு கன மீற்றர் காற்றில் இத்தகைய துகள் 24 மணிநேரச் சராசரியாக 15 மைக்குரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. மூன்று கல் அடுப்பு எரியும் அடைத்த அடுப்படிகளில் அது நூற்றுக்கணக்கிலும், விறகு தள்ளும் நேரங்களில் ஆயிரத்துக்கு மேலும் போகிறது. என் வேட்டித் துணி இதை அளக்காது. எந்த மாற்றம் முன்னைவிட நல்லது என்று ஒப்பிட மட்டுமே அது உதவியது.

சோதனையின்போது எங்கள் வீட்டிலேயே கண்டுபிடித்த இன்னொரு குற்றவாளி, அடுப்பு மூட்ட அம்மா பயன்படுத்திய பழைய றப்பர்ச் செருப்புத் துண்டுகளும் ஷொப்பிங் பைகளும். ஈர விறகு பற்றாது என்பதால் வந்த பழக்கம் அது. பிளாஸ்டிக்கைத் தாழ்ந்த வெப்பத்தில் எரித்தால் வரும் நச்சு வாயுக்களைப் பற்றிப் பாடசாலையில் பாடம் நடத்திவிட்டு வந்து அதே அடுப்பில் தேநீர் குடித்தவள் நான். இப்போது பைன் காயும் உலர்ந்த சவுக்கு இலையும் ஒரு சாக்கில் இருக்கின்றன. பூச்சு அடித்த பலகை, ஒட்டுப்பலகை, மருந்து ஏற்றிய மின்கம்பத்தின் துண்டு ஆகியவற்றையும் நிறுத்திவிட்டோம். கம்பத்துக்கு ஏற்றும் மருந்து வகைகளில் ஆர்செனிக் உள்ளதும் உண்டு, அது சாம்பலிலும் தங்கும். அந்தச் சாம்பலைத்தான் முன்பு பாத்திரம் தேய்க்க எடுத்தோம்.

இனி வேலைக்கு வருகிறேன். முதல் வேலை விறகுக் கொட்டில். அதுவரை எங்கள் விறகு வீட்டுச் சுவரோடு ஒட்டி, தரையில், பொலித்தீன் விரிப்பால் இறுகப் போர்த்தப்பட்டுக் கிடந்தது. விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் உட்பக்கமெல்லாம் நீர்த்துளி. அடிக்கட்டைகளில் வெள்ளைப் பூஞ்சை. மழையைத் தடுப்பதாக நினைத்து, மரத்திலிருந்து வெளியேறும் ஈரத்தையே அடைத்து வைத்திருந்தோம். லயத்தின் மேற்குப் பக்கத்தில், தண்ணீர்ப் பீலிக்குப் போகும் பாதைக்கு மேலே நல்ல காற்று அடிக்கும் இடத்தில், நான்கு டர்பன்டைன் கம்பங்களை நட்டு, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தட்டு அமைத்து, மேலே மட்டும் பழைய தகரம் வேய்ந்தோம். பக்கங்கள் திறந்தவை, மழை சாய்ந்தடிக்கும் தென்மேற்குப் பக்கத்தில் மட்டும் தகரத்தை இரண்டடி நீட்டிவிட்டோம். கட்டைகளை அடுக்குமுன் பிளப்பது முக்கியம். ஈரம் பட்டை வழியாக வெளியேறுவது அரிது. அறுத்த முனையும் பிளந்த முகமும்தான் அதன் வாசல். தோட்டத்து ஆண்கள் பிளக்கும் வேலையை எரிக்கும் நாளுக்குத் தள்ளிப்போடுவது வழக்கம். என் தம்பியும் அப்படித்தான்; அவனோடு நடந்த வாக்குவாதங்களை இங்கே எழுத இடமில்லை.

எங்கள் சரிவுகளில் ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சி. அந்த மூன்று மாதமும் ஏப்ரலும் சேர்த்து, மணிக்கட்டுத் தடிப்பில் பிளந்த சவுக்கு 48 சதவீதத்திலிருந்து 21க்கு இறங்கியது. பிளக்காத ஒரு கட்டையை ஒப்பீட்டுக்காக அதே தட்டில் வைத்திருந்தேன். அது 37இல் நின்றது. மே மாதம் மழை இறங்கிய பிறகு எதுவும் அதற்குமேல் உலரவில்லை. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தால் விறகு ஏறத்தாழ 14 சதவீதத்துக்குக் கீழும், 90 ஆனால் 17க்குக் கீழும் இறங்காது. மூடுபனி வாரக்கணக்கில் நிற்கும் ஊரில் மாதங்களைக் கூட்டி என்ன பயன்? கடைசி ஈரத்தை எடுக்க, இரண்டு நாளைக்குரிய விறகை மட்டும் அடுப்படிப் பரணில் வைக்கிறோம். ஆரம்பத்தில் ஒரு வாரத்துக்குரியதை அடுப்புக்கு நேர் மேலே இரண்டடி உயரத்தில் அடுக்கினேன். ஒரு மாலை அதில் ஒரு குச்சி கருகித் தணலானதை அம்மா பார்த்ததால் தப்பினோம். பரண் இப்போது பக்கவாட்டில், ஐந்தடிக்கு மேல் இருக்கிறது.

அடுப்புக்கு அனகி அடுப்பைத் தேர்ந்தெடுத்தோம். 1980களில் இலங்கையில் உருவாக்கப்பட்ட இந்த ஒற்றைத் துண்டுக் களிமண் அடுப்பில், ஒரே வாயில் தள்ளும் விறகின் வெப்பம் முதல் பாத்திரத்தைத் தாண்டி இரண்டாவது பாத்திரத்துக்கும் போகும். சிங்களத்தில் அனகி என்றால் விலைமதிப்பற்றது. சந்தையில் வாங்கிவந்த அடுப்பை அப்படியே வைத்து எரித்தால் சில மாதங்களில் வெடித்துவிடும். சுற்றிலும் மண் கவசம் கட்டுவதே முறை. புற்றுமண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, அரித்த சாம்பலும் சாணமும் கொஞ்சம் சேர்த்துப் பிசைந்து, நான்கு அங்குலத் தடிப்பில் அணைத்தோம். முதல் பூச்சில் மணல் குறைந்ததால் இரண்டாம் நாளே பாளம் பாளமாகப் பிளந்தது. உடைத்து மறுபடி பிசைந்தோம். பத்து நாள் நிழலில் காயவிட்டுப் பிறகே சிறு தீ மூட்டினோம். விறகு வாய்க்குள் ஒரு கம்பித் தட்டு வைத்துக் குச்சிகளை ஓர் அங்குலம் உயர்த்தியதும், அடியில் காற்று புகுந்து சுவாலையின் நிறமே மாறியது. வேலை முழுவதிலும் மிகக் குறைந்த செலவில் அதிகப் பயன் தந்தது இந்தத் தட்டுதான். பழைய சைக்கிள் கம்பிகளால் செய்தது.

அனகிக்குச் சொந்தமாகப் புகைபோக்கி கிடையாது. எனவே மேலே தகரத்தில் ஒரு புகைக்கூண்டு தொங்கவிட்டு, அதிலிருந்து குழாயை வெளியே எடுத்தோம். இங்கேதான் நான் இரண்டு தவறுகள் செய்தேன். கூரையில் துளையிடத் தோட்டக் காரியாலயத்திடம் எழுதிக் கேட்டு, மூன்று வாரம் காத்து அனுமதி பெற்ற அவசரத்தில், கடைக்காரர் கொடுத்த நான்கு அங்குலக் குழாயையே பொருத்தினேன். அது புகையில் கால்வாசியைக்கூட இழுக்கவில்லை. கூண்டு புகையை மட்டுமல்ல, அதோடு கலந்த அறைக் காற்றையும் சேர்த்தல்லவா இழுக்க வேண்டும்? ஒன்பது அங்குலச் சதுரத்தில் செங்கல் கட்டி, கூரைக்கு மேலே எட்டு அங்குலத் தகரக் குழாய் வைத்த பிறகே கூண்டு வேலை செய்தது. அதே கடையில் அஸ்பெஸ்டஸ் குழாய் மலிவாகக் கிடைத்தது. வெட்டும்போது பறக்கும் இழையை எண்ணி அதை வாங்கவில்லை. சூட்டில் அது வெடிக்கவும் கூடும். குழாய்க்கும் கூரை மரத்துக்கும் இடையில் ஒன்றரை அடி விட்டு, துளையைச் சுற்றித் தகரக் கழுத்துப் பொருத்தினோம்.

இரண்டாவது தவறு, குழாயின் முடிவைக் கூரை இறங்கும் பக்கத்தில், கூரை முகட்டைவிடத் தாழ்வாக நிறுத்தியது. ஏப்ரலின் அமைதியான காற்றில் புகை நேராக எழும்பிப் போனது, நானும் மகிழ்ந்தேன். மே கடைசியில் தென்மேற்குக் காற்று எழும்பியதும், முகட்டைத் தாண்டிவந்த காற்று பின்பக்கத்தில் சுழன்று இறங்கி, எங்கள் புகை முழுவதையும் மாமி வீட்டுப் பின்கதவுக்குள் தள்ளியது. மாமியின் பேரனுக்கு இழுப்பு நோய் இருக்கிறது. மூன்றாம் நாள் மாமி வாசலில் வந்து நின்று, கோபமில்லாத குரலில், "ஏம்மா, ஒங்க வீட்டுப் பொகை இப்ப எங்க வீட்லதான் குடியிருக்குது" என்றார். அன்று மாலையே குழாயை மூடிவிட்டு, மழை விட்ட முதல் ஞாயிறுவரை முன்போல் புகைக்குள்ளேயே சமைத்தோம். பிறகு குழாயை முகட்டுக்கு மேலே இரண்டடி உயரும்படி நீட்டி, மூன்று பக்கம் கம்பி இழுத்துக் கட்டி, தலையில் மழைத் தொப்பி வைத்தோம். உயரம் கூடியதால் குழாய் புகையை இழுக்கும் வேகமும் கூடியது. குளிர்ந்த காலைகளில் குழாய்க்குள் நிற்கும் கனத்த காற்று மட்டும் முதலில் கீழே இறங்கப் பார்க்கும். ஒரு பிடி உலர்ந்த மிலாற்றைக் கூண்டுக்கு நேர் கீழே கொளுத்தினால் இரண்டு நிமிடத்தில் திசை மாறிவிடுகிறது.

ஆகஸ்ட் இறுதியில் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். செங்கல் பகுதியில் தூசிபோன்ற உலர்ந்த கரிதான் இருந்தது. ஆனால் தகரக் குழாயின் மேல் மூன்றடியில், வெளிக் குளிர் படும் இடத்தில், பளபளக்கும் தார்ப்படை ஒன்று ஒட்டியிருந்தது. ஜூலையில் உலர்ந்த விறகு தீர்ந்து இரண்டு வாரம் ஈரப் பைன் எரித்ததன் மிச்சம் அது. இந்தப் படை தடித்தால் ஒரு நாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். தென்னை ஈர்க்குக் கட்டைக் கயிற்றில் கட்டி இழுத்ததில் கரி வந்தது, தார் வரவில்லை. அதைச் சுரண்ட அரை நாள் போனது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கழற்றுவது என்று முடிவெடுத்திருக்கிறோம். பைனை இப்போது மூட்டுவதற்கு மட்டும் எடுக்கிறோம்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. புகை குறைந்ததும் எங்கள் லயத்தில் சிலருக்குப் பழைய பழக்கம் ஒன்றில் துணிவு வந்துவிட்டது: இரவுக் குளிருக்குத் தணலைச் சட்டியில் அள்ளி, படுக்கும் காம்பராவில் வைத்துக் கதவைச் சாத்துவது. தணலில் புகையில்லை, வாடையுமில்லை. ஆனால் கரி எரியும்போதுதான் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு அதிகமாக வரும், அதற்கு நிறமோ மணமோ கிடையாது. துணித் துண்டும் தம்பியின் மூக்கும் அங்கே ஒரு பயனும் இல்லை. உறக்கத்திலேயே உயிர் போகும். எங்கள் வீட்டில் சட்டி அடுப்படியைத் தாண்டுவதில்லை. குளிருக்கு வெந்நீர்ப் போத்தல்தான்.

அம்மாவின் இருமல் நிற்கவில்லை, காலை ஏழு மணிக்குள் அடங்குகிறது. ஊதாங்குழல் இன்னும் அடுப்பருகே சாய்ந்திருக்கிறது. தேவையில்லாவிட்டாலும் அவர் அதை எடுத்து ஒருமுறை ஊதியே தீருவார். சேலையில் வாடை இருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியாது என்பதால், என் சேலைத் துண்டு ஒன்றை டின்னில் போட்டு, கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தியிடம் திறக்கக் கொடுத்தேன். "இருக்குது, ஆனா பஸ்ல எந்திரிச்சுப் போற அளவுக்கு இல்ல" என்றார்.

மாமி வீட்டுக்கும் செங்கல் வந்து இறங்கிவிட்டது. குழாய் எட்டு அங்குலம், முகட்டுக்கு மேலே இரண்டடி என்று தம்பி சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறான். போன வாரக் காற்றில் விழுந்த சவுக்கில் எங்கள் பங்காகக் கிடைத்த கட்டைகளை இன்று நிறுத்தேன்: 47 சதவீதம். பிளந்து தட்டின் வலது ஓரத்தில் அடுக்கி, சுண்ணாம்பால் திகதி எழுதியிருக்கிறேன். மார்ச் மாதத்துக்கு முன் அந்த ஓரத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்பது வீட்டில் இப்போதைக்கு இருக்கும் சட்டம்.